மன்றத்தில் ஒரு நீதி, மனையில் ஒரு நீதி

வக்கீல் என்பவர் பணத்துக்கு நாவை வாடகைக்கு விடுபவர் என்று இகழ்வோர் எந்நாட்டிலும் உளர். நீதிபதியோ அப்படியல்லர், உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து தராசு பிடிப்பவர், ஆகவே வக்கீலினும் மேலானவர் என்று கருதுவதும் பொது வழக்கு. இவ்விரண்டு எண்ணங்களையும் ஒருசேரச் சோதித்துப் பார்ப்பதற்கு ஏற்ற வாழ்க்கை ஒன்று அயர்லாந்து தேசத்துச் சரித்திரத்தில் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வக்கீலாய் வழக்காடிப் பின்னர் எட்டாண்டுகள் நீதிபதியாய் அமர்ந்த ஜான் பில்பாட் கர்ரன் என்பாரின் வாழ்க்கையே அது. அவரை வெறுமனே புகழ்ந்து முடிப்பது நம் நோக்கமன்று. அவர் பெருமை எங்கிருந்தது, எங்கே குறைந்தது என்று நிறுத்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

கர்ரன் 1750-ஆம் ஆண்டு ஜூலை மாதம், அயர்லாந்தின் தென்பகுதியிலுள்ள கார்க் மாகாணத்தில், நியூமார்க்கெட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ப் பண்ணைப் பிரபுவின் சிறு நீதிமன்றத்தில் அதிகாரியாயிருந்தவர், பெருஞ்செல்வர் அல்லர். தெருவில் விளையாடித் திரிந்த சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்ட பாய்ஸ் என்னும் பாதிரியார் அவனைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று பாடஞ் சொல்லிக் கொடுத்து, மிடில்டன் பள்ளிக்கும் அனுப்பி வைத்தார். பின்னர் டப்ளின் நகரத்து டிரினிடி கல்லூரியில் சலுகைச் சம்பளத்தில் படிக்கும் ஏழை மாணவனாய்ச் சேர்ந்தார். அதன்பின் லண்டன் மாநகரின் மிடில் டெம்பிளில் சட்டம் பயின்று, 1775-இல் அயர்லாந்து நீதிமன்றங்களில் பாரிஸ்டராகப் பதிவு பெற்றார்.

இங்ஙனம் பதிவு பெற்றவர் பிறவியிலேயே நாவலர் என்று எவரும் நினைத்தல் வேண்டா. அவர் குள்ள உருவினர், முகத்திலும் அழகில்லை, எல்லாவற்றிற்கும் மேலாகத் திக்குவாயர். பள்ளிப் பருவத்தில் அவருக்கு வாய்த்த பட்டப்பெயரே ‘திக்குவாய் ஜாக்’ என்பதுதான். லண்டனில் ஒரு விவாத சங்கத்தில் முதன்முறையாகப் பேச எழுந்தபோது ஒரு சொல்லும் வாராமல் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் அங்குள்ளோர் அவரை ‘ஊமைப் பிரசங்கி’ என்று கேலி செய்தனர். அக்கேலியைப் பொறுத்துக் கொண்டு, நாள்தோறும் அறைக்குள் கண்ணாடிமுன் நின்று, சிறந்த ஆசிரியர்களின் நூல்களை உரக்க வாசித்து வாசித்துத் தம் நாவைத் திருத்திக் கொண்டார். சில ஆண்டுகளில் அயர்லாந்து முழுவதிலும் அவருக்கு நிகரான பேச்சாளரைக் காண்பது அரிதாயிற்று. தலைவிதி, பிறவிக் குறை என்று சொல்லிச் சோம்பியிருப்போர்க்கு இஃதோர் நல்ல மறுமொழியாகும்.

கர்ரன் வாழ்ந்த அயர்லாந்தின் நிலையைச் சிறிது கூறினாலன்றி அவர் செய்த செயல்களின் அருமை விளங்காது. அந்நாட்டு மக்களிற் சுமார் முக்கால் பங்கினர் கத்தோலிக்கர். ஆட்சியும் நிலமும் புராட்டஸ்டண்டு சிறுபான்மையோர் கையில் இருந்தன. கத்தோலிக்கரை அடக்கி வைப்பதற்கென்றே தண்டனைச் சட்டங்கள் எனப்படும் ஒரு கூட்டம் சட்டங்கள் இயற்றப்பட்டிருந்தன. 1728 முதல் 1793 வரை கத்தோலிக்கருக்குப் பார்லிமெண்டுத் தேர்தலில் வாக்குரிமை கிடையாது. 1792 வரை அவர்கள் வக்கீலாக முடியாது. 1829 வரை பார்லிமெண்டில் அமர முடியாது. ஒரு கத்தோலிக்கன் ஐந்து பவுனுக்கு மேற்பட்ட விலையுள்ள குதிரை வைத்திருத்தலும் ஒருகாலத்திற் குற்றமாயிருந்தது. ஒருவன் எந்தக் குடும்பத்திற் பிறந்தான், எந்தக் கோவிலில் தொழுதான் என்பதைக் கொண்டே அவன் உரிமை அளக்கப்பட்ட காலம் அது. கர்ரனோ புராட்டஸ்டண்டு. அதாவது, மேற்சொன்ன சட்டங்களால் ஒரு நட்டமும் அடையாத வகுப்பைச் சேர்ந்தவர். வாய் மூடியிருந்தால் அவருக்கு எல்லாக் கதவுகளும் எளிதில் திறந்திருக்கும்.

வாய் மூடியிருக்க அவர் விரும்பவில்லை என்பதை 1780-இல் கார்க் நகரத்தில் நடந்த வழக்கு உலகுக்குக் காட்டிற்று. நீல் என்னும் முதிய கத்தோலிக்கப் பாதிரியார், தம் ஆயரின் கட்டளைப்படி, தகாத உறவு கொண்டிருந்த ஒருவனைத் திருச்சபையிலிருந்து விலக்கி அறிவித்தார். அவனுடைய சகோதரியோ டோனரேல் பிரபுவின் ஆசைநாயகி. அவள் வேண்டுகோளின்மேல் பிரபு, பாதிரியாரின் குடிசைக்குக் குதிரைமேற் சென்று, விலக்கை நீக்குமாறு ஆணையிட்டார். ஆயரின் உத்தரவின்றி நீக்க இயலாதென்று கிழவர் மறுக்கவே, பிரபு அவரைக் குதிரைச் சவுக்கால் அடித்தார்.

அடிபட்டவர் கத்தோலிக்கர், அடித்தவர் பெருநிலக்கிழார், தீர்ப்புக் கூற வேண்டிய ஜூரிகளோ அனைவரும் புராட்டஸ்டண்டுகள். வழக்கை ஏற்றுக்கொள்ள ஒரு வக்கீலும் முன்வரவில்லை. பதிவு பெற்று ஐந்தாண்டே ஆகியிருந்த கர்ரன் முன்வந்தார். பிரபுவின் செல்வாக்கையும், அவருக்குத் துணையாய் வந்த உறவினர் கேப்டன் செயின்ட் லெஜரையும் அவர் சற்றும் அஞ்சாமல் சாடினார். ஜூரிகள் பாதிரியாருக்கு முப்பது கினி நஷ்டஈடு வழங்கினர். தொகை சிறிதுதான். ஆயினும், கத்தோலிக்கனை அடித்தாற் கேட்பாரில்லை என்றிருந்த நாட்டில் ஒரு பிரபு நீதிமன்றத்தில் தோற்றார் என்னும் செய்தி பெரிது. அவமானமுற்ற செயின்ட் லெஜர், கர்ரனைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். அவர் சுட்ட குண்டு தவறிற்று. கர்ரன் திருப்பிச் சுடாமலே போரை முடித்தார்.

1783-இல் கர்ரன் டப்ளினில் இருந்த அயர்லாந்துப் பார்லிமெண்டின் அங்கத்தினரானார். அங்கே அட்டர்னி ஜெனரல் பிட்ஸ்கிப்பனுடன் அவர்க்குப் பகை மூண்டது. 1785-இல் இருவரும் துப்பாக்கி ஏந்தி நின்றனர், ஒருவர்க்கும் காயமில்லை, பகையும் ஆறவில்லை. 1789-இல் பிட்ஸ்கிப்பன் அயர்லாந்தின் லார்டு சான்சலர் பதவியை அடைந்தார். கர்ரனை அவர் சான்சரி நீதிமன்றத்தில் வெளிப்படையாக அலட்சியம் செய்யவே, கட்சிக்காரர்கள் அஞ்சி விலகினர். நல்ல வருவாய் தரும் சான்சரி வழக்குகள் அவர் கையைவிட்டு நழுவின. அதிகாரத்தோடு இணங்கிப் போகாத வக்கீல் அதற்குக் கொடுக்க வேண்டிய விலை இது. அவர் அதனைக் கொடுத்தார். டப்ளின் மேயர் தேர்தல் பற்றி 1790-இல் நிகழ்த்திய வாதத்தில், இறைவன் மனிதனுக்குச் சுதந்திரத்தை அளித்தது இடையறாத விழிப்பு என்னும் நிபந்தனையின்மேல்தான் என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். பிற்காலத்தார் அக்கருத்தை அமெரிக்கத் தலைவர் ஜெபர்சனுடையதாகத் தவறாய்ச் சொல்லி வருவதுண்டு.

இனி, அவர் பெயரை நிலைநிறுத்திய ராஜத்துரோக வழக்குகளுக்கு வருவோம். பிரெஞ்சுப் புரட்சியின் எதிரொலியாக 1791-இல் ‘ஐக்கிய அயர்லாந்தியர்’ என்னும் சங்கம் தோன்றிற்று. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒன்றுபட்டு உரிமை பெற வேண்டும் என்பது அதன் கொள்கை. அதைச் சேர்ந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராய்க் கூண்டில் நிறுத்தப்பட்டபோது அவர்கள் பக்கத்தில் எழுந்து நின்றவர் கர்ரன். 1794-இல், சங்கத்தின் அறிக்கையை வழங்கியதற்காக ஹாமில்டன் ரோவன் மீது வழக்கு நடந்தது. பிரிட்டிஷ் மண்ணில் கால் வைத்த அடிமை, எந்நிறத்தவனாயினும், எம்மொழியினனாயினும், அக்கணமே விடுதலை பெறுகிறான் என்னும் சட்டக் கொள்கையை எடுத்துக்காட்டி, அவ்விடுதலை எல்லார்க்கும் பொதுவாதல் வேண்டும் என்று அவர் அன்று வாதித்தார். அவ்வுரை ஆங்கிலச் சொற்பொழிவுகளிற் சிறந்தவற்றுள் ஒன்றாக இன்றளவும் மதிக்கப்படுகிறது. ஆயினும் ரோவனுக்கு இரண்டாண்டுச் சிறையும் ஐந்நூறு பவுன் அபராதமும் கிடைத்தன.

1795-இல் ஜாக்சன் என்னும் பாதிரியாரின் வழக்கு வந்தது. பிரெஞ்சுக்காரரின் தூதுவராய் வந்தவர் என்பது அவர்மேற் குற்றம். அவருடைய நண்பராய் உடன் வந்த லண்டன் அட்டர்னி ஒருவரே சர்க்காரின் ஒற்றனாயிருந்து சாட்சி சொன்னார். இங்கிலாந்தில் ராஜத்துரோகக் குற்றத்தை மெய்ப்பிக்க இரண்டு சாட்சிகள் வேண்டும். அயர்லாந்திலோ ஒரே சாட்சி போதும் என்பது அக்கால வழக்கம். ஒரே அரசனின் குடிகளுள் கடலுக்கு அப்பாலுள்ளவனின் உயிருக்கு இரண்டு சாட்சி, இப்பாலுள்ளவனின் உயிருக்கு ஒரு சாட்சியா என்பதே வழக்கின் உயிர்நிலையான கேள்வி. கர்ரன் அதனை எழுப்பினார், நீதிபதிகள் செவிசாய்க்கவில்லை. தண்டனை கேட்க நின்ற ஜாக்சன், முன்னரே நஞ்சுண்டிருந்தமையால், கூண்டிலேயே மடிந்து வீழ்ந்தார்.

1798-இல் கலகம் வெடித்து அடங்கிற்று. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் ஷியர்ஸ் சகோதரர் இருவரின் வழக்கு நடந்தது. இருவரும் பாரிஸ்டர்கள். ஆம்ஸ்டிராங் என்னும் படைத் தலைவன் அவர்களோடு நட்புக் கொண்டாடி, அவர்கள் வீட்டிலே குடும்பத்தாருடன் அமர்ந்து உணவருந்தி, பின்னர் அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னான். காலையில் தொடங்கிய விசாரணை நள்ளிரவாகியும் முடியவில்லை. சோர்வினால் நிற்க இயலாத கர்ரன், மறுநாள் வரை ஒத்தி வைக்குமாறு வேண்டினார், சர்க்கார் தரப்பு எதிர்த்தது, வேண்டுகோள் மறுக்கப்பட்டது. அந்நள்ளிரவிலேயே அவர் எழுந்து வாதிட்டார். ஜூரிகள் 17 நிமிஷங்களில் தீர்ப்புக் கூறினர். ஜூலை 14-ஆம் நாள் சகோதரர் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அம்மாதத்திலேயே நடந்த ஆலிவர் பாண்டு என்பவரின் வழக்கில், மன்றத்திலிருந்த போர்வீரர்கள் ஆயுதங்களை ஓசைப்படுத்திக் கர்ரனை மருட்டப் பார்த்தனர். என்னைக் கொல்ல உங்களால் ஆகும், அச்சுறுத்த ஆகாது என்னும் பொருள்பட அவர் விடையிறுத்தார்.

அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் உல்ப் டோன் வழக்கு வந்தது. ஐக்கிய அயர்லாந்தியர் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவராகிய டோன், பிரெஞ்சுக் கப்பலிற் பிடிபட்டு, ராணுவ மன்றத்தால் தூக்குத் தண்டனை விதிக்கப் பெற்றார். தூக்கு நவம்பர் 12-ஆம் நாள் என்று குறிக்கப்பட்டது. அன்று காலை கர்ரன், டோனின் தந்தையாரின் சத்தியப் பத்திரத்துடன், கிங்ஸ் பெஞ்சு மன்றத்தில் தலைமை நீதிபதி கில்வார்டன் பிரபுவின் முன் நின்றார். டோன் நம் அரசரின் படையில் உத்தியோகம் பெற்றவரல்லர். நாட்டின் உயர் நீதிமன்றம் திறந்திருக்கும்போது, படையினர் அல்லாத ஒருவரை ராணுவ மன்றம் விசாரிக்க அதிகாரமில்லை என்பது அவர் வாதம். கைதியை மன்றத்தின் முன் கொண்டுவரக் கட்டளையிடும் ஹேபியஸ் கார்பஸ் என்னும் ஆட்கொணர் ஆணையை அவர் வேண்டினார்.

இவ்விடத்தில் நாம் கில்வார்டனையும் மறத்தலாகாது. ரோவனையும் ஜாக்சனையும் குற்றஞ்சாட்டி வாதித்த அட்டர்னி ஜெனரல் அவரே. ஆயினும் நீதிபதியானபின் அவர் கட்சி பார்க்கவில்லை. ஆணையை உடனே எழுதச் சொன்னதோடு, எழுதி முடிவதற்குள் உயிர் போய்விடலாகாதென்று ஷெரீப்பை முன்னரே ஓடிச் செல்லவும் பணித்தார். பாசறையிலிருந்த படையதிகாரிகள் கீழ்ப்படிய மறுக்கவே, சிறைக்காவல் அதிகாரியையும் பிடித்து வருமாறு கட்டளையிட்டார். அப்பொழுதுதான் செய்தி வந்தது: டோன் இரவே தம் கழுத்தை அறுத்துக் கொண்டு கிடந்தார். ஒரு வாரம் கழித்து, 19-ஆம் நாள், அவர் இறந்தார். உயிர் பிழைக்கவில்லை, ஆனால், சட்டம் வாளுக்கு மேற்பட்டது என்பதை ஒரு வக்கீலும் ஒரு நீதிபதியும் சேர்ந்து அன்று நிலைநாட்டினர்.

மேற்கண்ட வழக்குகளிற் பெரும்பாலானவற்றில் கர்ரன் தோற்றார் என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். ஏன் தோற்றார் என்பதற்குரிய காரணங்களில் ஒன்று அவர் இறந்தபின் வெளிவந்தது. பல வழக்குகளில் அவருடன் எதிரிகளுக்காக வாதித்த நெருங்கிய நண்பர் லெனார்டு மக்நாலி என்னும் பாரிஸ்டர், சர்க்காரிடம் ரகசியமாகப் பணம் பெற்றுத் தம் கட்சிக்காரர்களின் ரகசியங்களை அறிவித்து வந்தவர். 1820-இல் மக்நாலி இறந்தபின், அவருக்கு வந்துகொண்டிருந்த ஆண்டுக்கு முந்நூறு பவுன் ரகசியச் சம்பளத்தை அவர் வாரிசு தொடர்ந்து கேட்டதால் உண்மை வெளிப்பட்டது. கர்ரன் தம் நண்பரை இறுதிவரை நம்பியே வாழ்ந்து மறைந்தார்.

இதுவரை சொன்னது மன்றத்துக் கர்ரன். இனி மனையிலிருந்த கர்ரனைக் காண்போம். 1803 ஜூலை 23-ஆம் நாள் ராபர்ட் எம்மெட் என்னும் இருபத்தைந்து வயது இளைஞர் டப்ளினில் ஒரு கிளர்ச்சியைத் தொடங்கினார். அது ஓரிரவிலே சிதைந்தது. வண்டியில் வந்துகொண்டிருந்த நீதிபதி கில்வார்டனைக் கூட்டத்தினர் அன்று தெருவில் இழுத்துப்போட்டு ஈட்டியாற் குத்திக் கொன்றனர். சட்டப்படி விசாரித்தாலன்றி எவரையும் தண்டியாதீர் என்று அவர் இறக்குந் தறுவாயிற் கூறினார் என்பர். நீதி காத்தவரையே நீதி கேட்டு எழுந்தோர் கொன்ற இக்கொடுமை, கிளர்ச்சிக்காரர்க்கு நீங்காத பழியாயிற்று.

எம்மெட்டோ கர்ரனின் இளைய மகள் சாராவைக் காதலித்தவர். சாராவும் அவரைக் காதலித்தாள். தந்தையார் இவ்வுறவை விரும்பாதவராகையால், இருவரும் மறைவாகக் கடிதம் எழுதி வந்தனர். தப்பியோடியிருக்க வேண்டிய எம்மெட், சாராவின் வீட்டுக்கு அண்மையிலே தங்கியிருந்தமையால் பிடிபட்டார். சிறையிலிருந்து அவர் அவளுக்கு எழுதிய கடிதம் அதிகாரிகள் கையிற் சிக்கவே, கர்ரனின் வீடு சோதனையிடப்பட்டது. மகளின் காதலைத் தந்தை முழுவதும் அறிந்தது அப்போதுதான். எம்மெட்டுக்காக வாதிக்கும் பொறுப்பைக் கர்ரன் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பொறுப்பு மக்நாலி வசம் போயிற்று. எம்மெட் செப்டம்பர் 20-ஆம் நாள் கொல்லப்பட்டார்.

தம் வீடே சோதனையிடப்பட்டிருக்க, அந்த வழக்கிலிருந்து கர்ரன் விலகியதை நாம் பழிக்கவில்லை. அவர் மகளுக்குச் செய்ததே நம் நெஞ்சை உறுத்துகிறது. காதலனை இழந்து மனமுடைந்து கிடந்த இருபத்தொரு வயதுப் பெண்ணை அவர் மன்னிக்கவில்லை. தம் வீட்டிலும் வைத்துக் கொள்ளவில்லை. கார்க் நகரத்தில் பென்ரோஸ் என்னும் நண்பர் குடும்பத்தார் அவளுக்குப் புகலிடம் அளித்தனர். 1805-இல் சாரா, ஸ்டர்ஜன் என்னும் படைத் தலைவரை மணந்து அவருடன் சிசிலித் தீவுக்குச் சென்றாள். பெற்ற குழவியையும் இழந்து, 1808-இல் இங்கிலாந்தில் மாண்டாள். இளமையில் இறந்துபோன தன் சகோதரியின் கல்லறைக்கருகே, தந்தையின் தோட்டத்தில் தன்னைப் புதைக்க வேண்டுமென்பது அவளது கடைசி விருப்பம். அதற்கும் கர்ரன் இணங்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். அவள் உடல் நியூமார்க்கெட்டில் அடக்கஞ் செய்யப்பட்டது. கவிஞர் தாமஸ் மூர் அவள் துயரைப் பாட்டாக்கினார்.

முன்பின் அறியாத பாதிரியார்க்காகப் பிரபுவைப் பகைத்தவர், எந்நிறத்தவனுக்கும் விடுதலை வேண்டுமென்று முழங்கியவர், ஓர் எதிரியின் சார்பாக நள்ளிரவிலும் தளர்ந்த உடலோடு எழுந்து நின்றவர், தம் மகள் ஒருத்திக்கு வழங்கியது எந்த நீதி? மற்றவர்க்கு இரண்டு சாட்சி கேட்டவர், அவளுக்கு ஒரு சாட்சியும் கேளாமலே தீர்ப்பளித்துவிட்டார். பெண் தன் மனத்துக்கு இசைந்தவனைத் தேர்தல் தந்தைக்குச் செய்யும் துரோகம் என்று கருதிய காலத்தின் குற்றம் என்று சிலர் சமாதானம் கூறலாம். கத்தோலிக்கனை அடிப்பதும் அக்காலத்து வழக்கமாய்த்தான் இருந்தது. அவ்வழக்கத்தை எதிர்க்கத் தெரிந்தவர்க்கு இவ்வழக்கம் ஏன் கண்ணிற் படவில்லை?

1806-இல் இங்கிலாந்தில் மந்திரிசபை மாறிற்று. கர்ரனின் கட்சியினர் பதவிக்கு வந்து, அவரை அயர்லாந்தின் ‘மாஸ்டர் ஆப் தி ரோல்ஸ்’ என்னும் நீதிபதியாக்கினர். பெயரளவில் இது பேருயர்வு. ஆனால் அவர் விரும்பியது அட்டர்னி ஜெனரல் பதவியை. கிடைத்ததோ சான்சரியைச் சார்ந்த நீதிபதி பதவி. அதாவது, பழைய சான்சலரின் பகையால் எந்த மன்றத்தின் வழக்குகளை அவர் பல்லாண்டுகள் இழந்திருந்தாரோ, அந்தத் துறையிலேயே தீர்ப்புச் சொல்ல வேண்டியவரானார். சொத்தும் உயிலும் கணக்கும் பற்றிய அவ்வழக்குகளில் ஜூரி இல்லை, கூண்டில் நிற்கும் உயிரும் இல்லை. தமக்கு ஒவ்வாத இடத்தில் தம்மை இருத்திவிட்டதாக அவர் மனம் வெதும்பினார்; பழைய நண்பர்களோடும் பிணங்கினார். ஆயினும் பழைய கர்ரன் முற்றும் மறையவில்லை. கத்தோலிக்க ஆயர் ஒருவரின் கையில் இருந்த அறச்சொத்தைப் பற்றி வழக்கு வந்தபோது, அவர் கத்தோலிக்கர் என்பது கொண்டே அவர்மேல் ஐயுறவு கொள்ள அவர் மறுத்துவிட்டார். 1814-இல் பதவியைத் துறந்து, 1817 அக்டோபர் 14-ஆம் நாள் லண்டனிற் காலமானார்.

தொடக்கத்திற் கூறிய எண்ணங்களுக்கு இப்போது திரும்புவோம். உயர்ந்த ஆசனம் கர்ரனுக்குப் பெருமை தரவில்லை. எட்டாண்டு நீதிபதி வாழ்வைச் சட்ட நூலோரன்றிப் பிறர் நினைப்பதில்லை. அவர் நின்று பேசிய இடமே அவருக்குப் பெருமை தந்தது. கில்வார்டனுக்கோ ஆசனமே பெருமை தந்தது. ஏனெனில் அதில் அமர்ந்தபின் அவர் தம் கட்சியை மறந்தார். ஆகவே பதவி பெரிதன்று. அதில் இருப்பவன் எவன் பக்கத்தில் நிற்கிறான் என்பதே பெரிது. தோட்டமாயினும் நகரமாயினும், சங்கத்திலும் மேடையிலும் பிறருக்காகப் பேச முன்வரும் நம் இளைஞர்கள் கர்ரனிடம் இதனைக் கற்கலாம்.

அவரிடம் கற்கலாகாதது ஒன்றும் உண்டு. மேடையில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் மனைவி மக்களின் வாயை அடைப்போர் அயர்லாந்தில் மட்டும் இருந்தவரல்லர். கர்ரனின் உடல் பின்னாளில் லண்டனிலிருந்து எடுத்துவரப்பட்டு, எம்மதத்தினரும் அடக்கமாகலாம் என்று 1832-இல் திறக்கப்பட்ட டப்ளின் கிளாஸ்னெவின் இடுகாட்டில் சிறப்புடன் வைக்கப்பட்டது. மத வேற்றுமையை எதிர்த்தவர்க்கு அதனினும் பொருத்தமான இடம் வேறில்லை. அவர் மகளோ தொலைவில், நியூமார்க்கெட்டிலே கிடக்கிறாள்.